வீட்டிலேயே கால்சியம் ரியாக்டர்: குடுவை ஒட்டியாச்சு, வாயு இணைப்பில் யோசனை வேண்டும்

#1 · சிங்கை உப்புத்தண்ணி · 4 ஜனவரி

வணக்கம். சிங்கப்பூரில் தெம்பனிஸ் வட்டாரத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. நான்கடிக் கடல்நீர்ப் பவளத் தொட்டி, கீழே சம்ப்போடு (துணைத்தொட்டி) சேர்த்து 400 லிட்டர் தண்ணீர். மூன்று வருஷமாக ஓடுகிறது. முதலில் மென்பவளங்கள் மட்டும்தான் இருந்தன. இப்போது பாதித் தொட்டி அக்ரோபோரா, மோன்டிபோரா என்ற கல்பவளங்கள். நன்றாக வளர்கின்றன, பிரச்சினையே அதுதான்: வளர வளரத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்டே இருக்கும். கால்சியம் குளோரைடு ஒரு கேன், சோடியம் பைகார்பனேட் ஒரு கேன் என்று வாரா வாரம் கரைத்துக் கை ஓய்ந்துவிட்டது. பத்து நாள் ஊருக்குப் போய்வந்தால் இரண்டு கேனும் காலி, தொட்டி முகம் வாடிக் கிடக்கும்.

அதனால் போன மாதம் ரியாக்டர் வேலையில் இறங்கினேன்: கார்பன் டைஆக்சைடு வாயுவால் சுண்ணாம்புச் சரளையைக் கரைத்துத் தொட்டிக்கு அனுப்பும் குடுவை. கடையில் விற்பதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது? ஒரு குழாய், ஒரு பம்ப், நாலு முழங்கை.

செய்தது இது: உள்விட்டம் 100 மில்லிமீட்டர், தடிப்பு 5, உயரம் 450 உள்ள அக்ரிலிக் குழாய். அடித்தட்டு, மேல் வளையம், மூடி மூன்றும் 10 மில்லிமீட்டர் பலகை. மூடிக்கும் வளையத்துக்கும் நடுவில் ஓரிங் (ரப்பர் வளையம்), சுற்றி எட்டு நைலான் போல்ட். துருப்பிடிக்காது என்று நம்பி முன்பு ஸ்கிம்மரில் (அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி) போட்ட எஃகு போல்ட் ஆறே மாதத்தில் பழுப்பாக வழிந்தது. அந்தப் பாடம் போதும்.

ஒட்டுவதற்கு டைகுளோரோமீத்தேன் உள்ள கரைப்பான். ஊசியால் விளிம்பில் ஒரு சொட்டு விட்டால் இடுக்குக்குள் தானே ஓடிவிடும். அது பசை மாதிரி இடைவெளியை நிரப்பாது, அக்ரிலிக்கையே கரைத்து ஒன்றாக்கும். ஆகவே முனை துளி மேடுபள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்துக் குழாயை நிற்கவைத்து ஒரு மணி நேரம் வட்டமாகத் தேய்த்தேன். நெடி பொல்லாதது, வெளித் தாழ்வாரத்தில் வைத்துத்தான் ஒட்டினேன்.

முதல் வளையம் வீணாகிவிட்டது. லேசரில் வெட்டிய விளிம்பு, கரைப்பான் பட்டதும் மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டது. லேசர் சூட்டில் விளிம்புக்குள் இறுக்கம் தங்கிவிடுமாம். இரண்டாவதை ரூட்டரில் வெட்டச் சொன்னேன், பிரச்சினை இல்லை. தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய பேப்பர் விரித்து ஒரு நாள் முழுக்க வைத்தேன். ஒரு முழங்கை மரையில் மட்டும் ஈரம். டெஃப்லான் டேப்பை அவிழ்த்து மறுபடி சுற்றினேன், நின்றுவிட்டது.

இப்போது கேள்விகள். உள்ளே சுழலும் தண்ணீர் கீழிருந்து மேலே போக வேண்டுமா, மேலிருந்து கீழேயா? பிஎச் கன்ட்ரோலர் (குடுவைக்குள் பிஎச் அளவு மீறி இறங்கினால் வாயுவை நிறுத்தும் கருவி) கட்டாயமா, வாயுக் குமிழியை எண்ணி ஊசி வால்வில் வைத்தால் போதாதா? நண்பர் ஒருவர் செடித்தொட்டியைக் கலைத்தபோது ஒற்றைக்கட்ட ரெகுலேட்டரும் (சிலிண்டர் அழுத்தத்தை ஒரே படியில் குறைப்பது) கார்பன் டைஆக்சைடு சிலிண்டரும் சும்மா கொடுத்தார். அதையே போட்டுவிடலாமா?

#2 · ரொறொன்ரோ கடல்தொட்டி · 4 ஜனவரி

ஒட்டின வேலை வடிவாய் இருக்கு தம்பி. ஆனால் அதுக்கு முன்னால் ஒரு கேள்வி. ஒரு நாளைக்கு உங்கள் தொட்டி எவ்வளவு ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்த கார்பனேட், பைகார்பனேட் அளவு) தின்னுது என்று அளந்தீர்களா? இங்கே கனக்கப் பேர் ரியாக்டர் வாங்கி, பிறகு ஆவியாகிற தண்ணீருக்குப் பதில் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டாலே போதுமாயிருந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். சுண்ணாம்புக்குச் சிலிண்டரும் வேண்டாம், கன்ட்ரோலரும் வேண்டாம்.

#3 · சிங்கை உப்புத்தண்ணி · 5 ஜனவரி

அளந்தேன் அண்ணே. ஊற்றுவதை ஒரு நாள் நிறுத்தினேன்: இரவு ஒன்பது மணிக்கு 9.0 டிகேஎச் (ஆல்கலினிட்டி அளக்கும் அலகு), மறுநாள் அதே நேரம் 7.2. அடுத்த வாரமும் அப்படியே 1.8 குறைவு. இரண்டு நாள் தொடர்ந்து நிறுத்தத் துணியவில்லை. ஆவியாவது தினமும் மூன்று லிட்டர்தான்.

#4 · ஈப்போ கெமிஸ்ட்ரி டீச்சர் · 5 ஜனவரி

மூன்று லிட்டர் சுண்ணாம்புத் தண்ணீர் போதாது. தெளிந்த நிறைகரைசல் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 40 மில்லி ஈக்விவலன்ட் (காரத்தை அளக்கும் வேதியியல் அலகு) காரம் இருக்கும். மூன்று லிட்டரில் 120. அதை 400 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 0.3, அதாவது 0.84 டிகேஎச். தேவையில் பாதிகூட இல்லை. ஆகவே ரியாக்டருக்கு நியாயம் இருக்கிறது.

என் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் பத்துமலையை வைத்துத்தான் நடத்துவேன். தைப்பூசத்துக்குப் படி ஏறுகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் தெரியும் தொங்கல்களும் அந்தக் குகையும் ஒரே வினையின் இரண்டு பக்கம். மழைநீர் மண்ணிலிருந்து கார்பன் டைஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கால்சியமாகவும் பைகார்பனேட்டாகவும் கரைக்கிறது. குகைக் கூரையில் சொட்டும்போது வாயு பிரிந்துவிடுகிறது, கல் மறுபடி படிகிறது. உங்கள் குடுவையில் முதல் பாதி மட்டும் நடக்க வேண்டும். இரண்டாம் பாதியைப் பவளங்கள் பார்த்துக்கொள்ளும்.

கணக்கைப் போட்டுவிடுகிறேன். 1 டிகேஎச் என்பது லிட்டருக்கு 17.85 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். 400 × 1.8 × 17.85 என்றால் நாளைக்கு 12.9 கிராம் கல் கரைய வேண்டும். குடுவையில் 3 கிலோ மீடியா (கரைய வேண்டிய சரளை) பிடிக்கும் என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்கு இரண்டரை மாதத்தில் போய்விடும், அப்போது நிரப்புங்கள். வெளியே வரும் நீர் 32 டிகேஎச், தொட்டி 8 என்றால் ஒவ்வொரு லிட்டரும் 24 கூடுதலாகக் கொண்டுவருகிறது. தேவை 400 × 1.8, அதாவது 720. அதை 24ஆல் வகுத்தால் நாளைக்கு 30 லிட்டர், நிமிடத்துக்குச் சுமார் 21 மில்லி. சொட்டுச் சொட்டாக என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் அளவுக்கு அது மெல்லிய தாரை.

#5 · ரொறொன்ரோ கடல்தொட்டி · 6 ஜனவரி

டீச்சர் பத்துமலையைச் சொன்னதால் நான் யாழ்ப்பாணத்துக் கேத்திலைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால்தான் வருது. தேத்தண்ணிக்குக் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துக் கேத்திலுக்குள்ளே வெள்ளையாய் ஓடு கட்டும். சூட்டில் வாயு பறந்து கல் திரும்பப் படியுது. அதேதான் உங்கள் ரியாக்டரின் வெளிக்குழாய் முனையிலும் நடக்கும். ஊசி வால்வில் சொட்டை மட்டுப்படுத்தினால் அந்த ஓட்டையிலேயே கல் கட்டி, மூன்று நாளில் பாதி அடைபட்டு, ஓட்டம் குறையும். வாயு மட்டும் பழைய வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இதுக்கு மருந்து ஓய்வில்லாமல் ஓடக்கூடிய பெரிஸ்டால்டிக் பம்ப் (மெல்லிய குழாயைப் பிசைந்து தண்ணீரைத் தள்ளுவது). அதை வெளியேறுகிற பக்கம் வைத்து இழுக்க விடுங்கள். குடுவைக்குள் அழுத்தம் ஏறாது, வால்வே தேவையில்லை. விலை கொஞ்சம்தான் கடிக்கும்.

திசை பற்றி: நான் கீழிருந்து மேலே விடுகிறேன். மீடியா இறுகிக் கட்டியாகாது. மேலே சேர்கிற வாயுவைப் பம்ப் உறிஞ்சுகிற குழாய்க்கே திருப்பி விடுங்கள். குமிழி எண்ணி என்ற கருவிக்கும் குடுவைக்கும் நடுவில் ஒருவழி வால்வு மறக்க வேண்டாம். மறந்தால் ஒரு நாள் கடல்நீர் பின்னால் ஏறி ரெகுலேட்டருக்குள் போகும்.

ஒற்றைக்கட்ட ரெகுலேட்டர்... நான் வேண்டாம் என்பேன்.

#6 · சென்னை நன்னீர் · 6 ஜனவரி

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நன்னீர்ச் செடித்தொட்டி வைத்திருப்பவன், கடல்தொட்டி ஆசை வந்திருக்கிறது. மீனும் பாறையும் மட்டும்தான் வைக்கப் போகிறேன். மீடியா என்பது பவளச் சரளைதானே? ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கரையில் செத்த பவளத் துண்டுகள் கிடக்கும். ஒரு பை அள்ளிக்கொண்டு வந்தால் ஆகாதா? சிலிண்டருக்குப் பதில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு வாயு எடுக்க முடியுமா? செடிக்கு அப்படித்தான் செய்கிறேன்.

#7 · ஈப்போ கெமிஸ்ட்ரி டீச்சர் · 6 ஜனவரி

தம்பி, அள்ளாதீர்கள். இந்தியாவில் கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் அதே அட்டவணைதான். செத்தது, கரையில் ஒதுங்கியது என்பதெல்லாம் விலக்காகாது. என் அப்பாவின் ஊர் கீழக்கரை. அந்தக் காலத்தில் வள்ளம் வள்ளமாகப் பவளப்பாறை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனதை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம்.

அதைவிட, உங்களுக்கு ரியாக்டரே வேண்டாம். கல்பவளம் இல்லாத தொட்டியில் கால்சியத்தை யார் எடுக்கப் போகிறார்கள்? மாதம் இருமுறை தண்ணீர் மாற்றினால் உப்பிலேயே வந்துவிடும். ஈஸ்ட் இந்த வேலைக்கு ஆகாது. அது தன் இஷ்டத்துக்கு வாயு விடும், நாம் சொல்கிற அளவுக்கு விடாது.

#8 · சிங்கை உப்புத்தண்ணி · 7 ஜனவரி

மீடியாவுக்கு நான் கடையில் விற்கும் அரகோனைட் சரளைதான் வாங்கினேன். அதே கால்சியம் கார்பனேட்டின் வேறு படிகமான கால்சைட் ஆன சலவைக்கல் தூளும் மலிவாகக் கிடைத்தது. ஆனால் அது அதே பிஎச்சில் குறைவாகத்தான் கரையும் என்பதால் விட்டுவிட்டேன். சரளையை ஆர்ஓ தண்ணீரில் நாலு தடவை அலசினேன், பால் மாதிரி வந்தது.

பெரிஸ்டால்டிக் பம்ப் வாங்கிவிட்டேன் அண்ணே. கையில் காசு அதோடு தீர்ந்தது. அதனால் கன்ட்ரோலர் அடுத்த மாதம். இப்போதைக்கு நண்பர் கொடுத்த ரெகுலேட்டர்தான், குமிழியை நிமிடத்துக்கு 60 என்று வைத்து ஓட்டப் போகிறேன். நாளை முதல் நாள்.

#9 · சிங்கை உப்புத்தண்ணி · 19 ஜனவரி, அதிகாலை 4:20

அவசரம். யாராவது விழித்திருக்கிறீர்களா?

பதினோரு நாள் அருமையாக ஓடியது. ஆல்க் (ஆல்கலினிட்டி) 8.3இல் நின்றது. இப்போது தண்ணீர் குடிக்க எழுந்தவன் காதில் கரகரவென்று சத்தம். குடுவையின் மேல் பாதி முழுக்க வாயு, பம்ப் காற்றை அரைத்துக்கொண்டிருக்கிறது. குமிழி எண்ணியில் எண்ணவே முடியவில்லை, ஒரே கோடாகப் போகிறது. தொட்டி பிஎச் 7.45. சிலிண்டரை மூடிவிட்டேன். நத்தைகள் எல்லாம் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு ஏறி நிற்கின்றன.

#10 · ரொறொன்ரோ கடல்தொட்டி · 19 ஜனவரி

இங்கே பின்னேரம்தான், முழிப்பு. ஏசியை நிற்பாட்டி எல்லா யன்னலையும் திறவுங்கள். முதலில் உங்களுக்காக, பிறகு மீனுக்காக. ரியாக்டரிலிருந்து வெளியே வருகிற குழாயை வாளிக்குள் விடுங்கள், தொட்டிக்குள் இனி ஒரு சொட்டும் போகக்கூடாது. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை யன்னலுக்கு வெளியே நீட்டுங்கள். மேற்பரப்பு நன்றாகக் கலங்கட்டும். பிஎச்சை ஏற்றுகிறேன் என்று சோடாவோ சுண்ணாம்போ போட வேண்டாம். வாயு வெளியேறினால் பிஎச் தானாக ஏறும், அப்போது நீங்கள் போட்டது மேலதிகமாய் நிற்கும்.

#11 · சிங்கை உப்புத்தண்ணி · 19 ஜனவரி

காலை ஒன்பதுக்கு 7.8. நன்றி அண்ணே. மீன்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டு சின்ன அக்ரோபோராத் துண்டுகள் அடியிலிருந்து உரியத் தொடங்கிவிட்டன, அவை தேறாது என்று நினைக்கிறேன். குடுவையைத் திறந்தால் அடியில் பாதிச் சரளை கூழ். ஆனால் நேற்று இரவுகூட 60 குமிழி எண்ணிவிட்டுத்தானே படுத்தேன்? சிலிண்டர் முள்ளும் பத்து நாளாக அசையவே இல்லை.

#12 · ஈப்போ கெமிஸ்ட்ரி டீச்சர் · 19 ஜனவரி

முள் அசையாததுதான் விஷயம். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். திரவம் ஒரு கரண்டி மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையை மட்டும் சார்ந்தது. 20 டிகிரியில் 57 பார், நிறைந்திருந்தாலும் அதேதான், தீரப் போகிறபோதும் அதேதான். கடைசித் துளி ஆவியான பிறகுதான் முள் சரியத் தொடங்கும். எவ்வளவு மிச்சம் என்று அறிய வேண்டுமானால் தராசில் வையுங்கள். வெற்றுச் சிலிண்டரின் எடை பெரும்பாலும் கழுத்திலேயே பொறித்திருக்கும். சமையல் காஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்க்கிற நம் வழக்கம் அறிவியல்தான்!

ஒற்றைக்கட்ட ரெகுலேட்டரில் உள்ளே வரும் அழுத்தம் சரியும்போது வெளியே போகும் அழுத்தம் ஏறும். உள்ளே இருக்கும் வால்வை மூடிய நிலையில் தள்ளிப் பிடித்திருந்த விசை குறைகிறது, வில் ஜெயிக்கிறது. நீங்கள் ஊசி வால்வைத் தொடவே இல்லை, ஆனால் அதன் பின்னால் அழுத்தம் கூடிவிட்டது. நண்பர் கொடுத்த சிலிண்டர் ஏற்கனவே முக்கால்வாசி தீர்ந்தது என்பது என் ஊகம். இரட்டைக்கட்ட ரெகுலேட்டரில் இந்த ஏற்றத்தை முதல் கட்டமே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். பூட்டிய படுக்கையறையில் சிலிண்டர் வைக்காதீர்கள். குழந்தை தரையில் பாய் விரித்துத் தூங்கும் வீடு என்றால் இன்னும் கவனம்.

#13 · சிங்கை உப்புத்தண்ணி · 20 ஜனவரி

ஊகம் சரி டீச்சர். தராசில் வைத்தேன், பொறித்திருந்த வெற்று எடையும் இதுவும் ஒன்றே. நண்பரைக் கேட்டால், “ஆமாம்ப்பா, ஒரு வருஷம் செடிக்கு ஓடினதுதான்” என்கிறார். அவரைச் சொல்லி என்ன, ஓசி மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதது நான்தான்.

குடுவையைச் சொந்தமாகச் செய்து மிச்சம் பிடித்ததையெல்லாம் இரட்டைக்கட்ட ரெகுலேட்டரிலும் கன்ட்ரோலரிலும் போட்டுவிட்டேன். வீட்டில் கணக்குக் கேட்டார்கள். “சேர்த்துப் பார்த்தால் கடையில் வாங்குவதைவிட நாற்பது வெள்ளிதானே குறைவு?” என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

#14 · ரொறொன்ரோ கடல்தொட்டி · 20 ஜனவரி

அந்தக் கேள்விக்கு இங்கே ஒருத்தரிடமும் பதில் இல்லை தம்பி.

புது ரெகுலேட்டர் பூட்டினதும் எல்லா மூட்டிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள். குமிழ் வந்தால் கசிவு. பிஎச் அளக்கும் புரோப்பை 7, 4 பிஎச் கரைசல்களில் சரிபார்த்துவிட்டு, தண்ணீர் நகர்கிற இடத்தில் வையுங்கள். மேலே வாயு சேர்கிற மூலையில் வைத்தால் காய்ந்துபோய்ப் பொய் சொல்லும். கன்ட்ரோலரைத் தினசரி வேலைக்கு நம்பாமல் காவல்காரனாய் மட்டும் வையுங்கள். குமிழும் ஓட்டமும் தாங்களே 6.6இல் நிற்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, 6.4க்குக் கீழே போனால் சொலினாய்டு (வாயுவை அடைக்கும் மின்வால்வு) மூடட்டும். புரோப் பிழை விட்டாலும் குமிழ் அளவாய்த்தான் போகும், குமிழ் பிழை விட்டால் புரோப் பிடிக்கும்.

#15 · சிங்கை உப்புத்தண்ணி · 27 மார்ச்

இரண்டு மாதம் ஆகிவிட்டது. எண்களைப் போடுகிறேன், யாருக்காவது உதவும்.

குடுவைக்குள் பிஎச் 6.6. வெளிநீர் 31, 32 டிகேஎச்சுக்கு நடுவில், கால்சியம் 590 பக்கம். முதல் இரண்டு வாரம் வெளிநீரைத் தொட்டிக்கு நேரே விட்டதில் ஏசி போட்ட இரவுகளில் பிஎச் 7.65வரை இறங்கியது. ஜன்னல் மூடிய அறையில் மூன்று பேர் மூச்சு விடுகிறோம், அதோடு ரியாக்டரும் மிச்ச வாயுவைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அதனால் பழைய வடிகட்டிக் குடுவை ஒன்றில் சரளை நிரப்பி, வெளிநீரை அதன்வழியே விட்டேன். மிச்ச அமிலம் அங்கே இன்னும் கொஞ்சம் கல்லைக் கரைத்துத் தீர்ந்துபோகிறது. அது கொஞ்சம்தான் உதவியது. பெரிய வித்தியாசம் அண்ணே முதலில் சொன்ன சுண்ணாம்புத் தண்ணீரால் வந்தது. ஆவியாகும் மூன்று லிட்டருக்கும் இப்போது அதுதான். இரவில் 7.9க்குக் கீழே போவதில்லை. சுண்ணாம்பு ஏறக்குறைய பாதிச் சுமையைத் தூக்கிக்கொள்வதால் ரியாக்டர் ஓட்டத்தை 21 மில்லியிலிருந்து 12க்கும், குமிழியை 60இலிருந்து 35க்கும் குறைத்துவிட்டேன். தொட்டி ஆல்க் 8.0, கால்சியம் 425, மக்னீசியம் 1320.

மக்னீசியம் மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. சரளையில் அது குறைவு போல. மக்னீசியம் உள்ள டாலமைட் கல் துண்டுகள் ஒரு கைப்பிடி கலந்திருக்கிறேன், அடுத்த மாதம் சொல்கிறேன்.

உரிந்த இரண்டு துண்டும் போய்விட்டன. மற்றவை நுனி வெள்ளையாக வளர்கின்றன.

#16 · ஈப்போ கெமிஸ்ட்ரி டீச்சர் · 27 மார்ச்

சுண்ணாம்பு எது? வெற்றிலைக்குப் போடுகிற டப்பாச் சுண்ணாம்பு இல்லையே?

#17 · சிங்கை உப்புத்தண்ணி · 27 மார்ச்

இல்லை டீச்சர், தரச் சான்றுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு. தேக்காவில் பாட்டி வாங்கும் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன் என்பது உண்மை. பாட்டி பிடுங்கி வைத்துவிட்டார்.

#18 · சென்னை நன்னீர் · 28 மார்ச்

இந்த இழையைப் படித்துவிட்டு என் செடித்தொட்டிக்கும் இரட்டைக்கட்ட ரெகுலேட்டர் வாங்கிவிட்டேன் அண்ணா. ஒரு சின்னக் கேள்வி. அந்த மூடியின் ஓரிங்குக்கு என்ன தடவினீர்கள்? என் கேனிஸ்டர் வடிகட்டி மூடி கசிகிறது, வாசலின் போடலாம் என்று பார்க்கிறேன்.

#19 · சிங்கை உப்புத்தண்ணி · 28 மார்ச்

வாசலின் வேண்டாம். பெட்ரோலியம் பட்டால் சிலவகை ரப்பர் ஊதிவிடும், ஈபிடிஎம் ஓரிங் குறிப்பாக. சிலிகோன் கிரீஸ், குழாய்க் கடையில் சின்ன டப்பாவில் கிடைக்கும். விரல் நுனியில் தொட்டு மெல்லிசாகப் பூசினால் போதும். பூசுவதற்கு முன் பள்ளத்தில் மணல் இருக்கிறதா என்று நகத்தால் சுற்றிப் பாருங்கள். என் மூடி ஒருமுறை கசிந்தது ஒரே ஒரு சரளைத் துணுக்கால்தான்.